கத்தியூசி வைத்தியமும் அதன் காப்பும்



வாகரைக் கடற்கரையிலே கரைவலை இழுப்போரும், கதிரவெளிப் பக்கத்தில் மண்வெட்டி பிடிப்போரும் அறிந்த நோயொன்று உண்டு. காலையில் எழுந்ததும் மடங்கிய விரல் நிமிர மறுக்கும். மற்றக் கையாற் பிடித்து இழுத்தால், 'டக்' என்று விடுபடும். விரலை மடக்கும் தசைநாண், விரலடியில் உள்ள ஒரு வளையத்தினூடே ஓடுகின்றது. அவ்வளையம் தடித்தால் நாண் சிக்கிக்கொள்கின்றது. நீரிழிவு உடையோருக்கு இது மிகுதியாக வரும்.

இத்தகைய இறுக்கத்தைத் தளர்த்தக் கொரிய வைத்தியர்கள் கையாளும் கருவியே கத்தியூசி. அவர்கள் மொழியில் அது 'தோச்சிம்' எனப்படும். 'தோ' என்றால் கத்தி, 'சிம்' என்றால் ஊசி. 1976 ஆம் ஆண்டில் சீன வைத்தியர் ஜூ ஹன்ஜாங் என்பவர் இதனை உருவாக்கினார். மெல்லிய ஊசியின் நுனியில் உளி போன்ற சிறு தட்டையான அலகு இருக்கும். தோலை அகலக் கீறாமலே உள்ளிறங்கி, தடித்த அல்லது ஒட்டிப்போன இழையங்களை அது வெட்டிவிடும். முழங்கால் வலிக்கும் முதுகு வலிக்கும் கூட இதனைப் பயன்படுத்துகின்றனர்.

நமது சித்த வைத்தியமும் புறமருந்துகள் முப்பத்திரண்டு என வகுத்து, அவற்றுள் சலாகை, கீறல், அறுவை என்பவற்றையும் சேர்த்துள்ளது. திருகோணமலை வளாகத்திலே சித்த மருத்துவம் இன்று பல்கலைக்கழகக் கல்வியாக விளங்குகின்றது. ஆயினும், உறவுடைய கருவி என்பதனால் ஒருவர் கத்தியூசி குத்தும் தகுதி பெற்றவராகிவிடார். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

ஏனெனில், இங்கே வைத்தியர் வெட்டுமிடத்தைக் கண்ணாற் காண்பதில்லை. பெருவிரலடியில் உணர்வு நரம்பு வளையத்தின் அருகே குறுக்காகச் செல்கின்றது. அலகு சற்று விலகினால் விரல் மரத்துப்போகும். மார்புப் பக்கத்தில் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் துளைபடலாம். ஊசி தூய்மையற்றதாயின் மூட்டுக்குள் சீழ் பிடிக்கலாம். இதனாலேயே கொரிய வைத்தியர் சிலர் ஒலியலைக் கருவியால் உள்ளே பார்த்துக்கொண்டு குத்துகின்றனர். வலி குறைகின்றது எனக் கூறும் ஆய்வுகள் பல உண்டு. எனினும் அவற்றுட் பல சிறியவை, உறுதி குறைந்தவை. சிறிது வலியும் கன்றலும் பொதுவாக நேர்வன. பெருந்தீங்குகள் அரியவை, ஆனால் இல்லாதவை அல்ல.

ஆகவே, எவரேனும் இவ்வைத்தியம் செய்ய முன்வந்தால் கூச்சமின்றிக் கேளுங்கள்: தாங்கள் பதிவு பெற்ற வைத்தியரா? இதிலே பயின்றவரா? ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிதானா? இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரும் நீரிழிவு உடையோரும் அதனை முன்னரே சொல்லிவிட வேண்டும். குத்திய பின் காய்ச்சல், வீக்கம், மரத்தல், மூச்சுத் திணறல் ஏதும் கண்டால், எண்ணெய் பூசிக் காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வாகரை போன்ற தொலைவூர்களில் தாமதமே பெரும் ஆபத்து.

விரல் சிக்கிய பலருக்கு, ஓய்வும் விரலை நிமிர்த்தி வைக்கும் கட்டுமே முதற்சிகிச்சை. வலையிழுக்கும் கை குடும்பத்திற்குச் சோறிடும் கை. அதனை ஒருவரிடம் நீட்டுமுன், அவர் கைத்திறனை அறிந்துகொள்வது நம் கடமையாகும்.