கைநாட்டும் கையெழுத்தும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



குடியரசுத் தலைவராக விளங்கிய கே. ஆர். நாராயணன் அவர்களின் வாழ்வும் பணியும் குறித்துப் பேசுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர்.

அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789ஆம் ஆண்டு பதவியேற்றார். மாந்தர் யாவரும் சமம் என்று 1776இல் பறைசாற்றிய அந்நாட்டின் தலைவரே அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார். கறுப்பின மகன் ஒருவர் அவ்விருக்கையில் அமர 220 ஆண்டுகள் ஆயின. நம் நாட்டிலோ, விடுதலையின் பொன்விழாவையொட்டி, 1997 ஜூலை 25ஆம் நாள் தீண்டாமைக்கு ஆளான குடியில் பிறந்த ஒருவர் முதன்முறையாக அவ்வுயர் பதவியை ஏற்றார்.

இப்பெருமையைப் பேசிக் கைதட்டிக் கலைந்துவிடலாமா? கூடாது. அவர் எவ்வாறு உயர்ந்தார், உயர்ந்தபின் யாது செய்தார் என்று ஆராய வேண்டும்.

கேரளத்தின் உழவூரில் 1920இல் ஏழை நாட்டு வைத்தியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். நாள்தோறும் பல கல் தொலைவு நடந்து பள்ளி சென்றார். கட்டணம் செலுத்த இயலாமையால் வகுப்பறைக்கு வெளியே நின்று பாடம் கேட்டதும் உண்டு. நூல் வாங்க வழியின்றி, தமையனார் படியெடுத்துத் தந்தவற்றைப் படித்தார். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய முதுகலையில் முதலிடம் பெற்றார். டாட்டா உதவித்தொகையால் இலண்டன் சென்று, பேரறிஞர் லாஸ்கியிடம் பயின்றார். 1949இல் அயலுறவுப் பணியில் சேர்ந்து, சீனத்திலும் அமெரிக்காவிலும் தூதராக விளங்கினார்.

குடியரசுத் தலைவர் என்றால் நீட்டிய தாளில் ஒப்பமிடுபவர் என்பதே பலர் எண்ணம். 1997இல் உத்தரப்பிரதேச அரசைக் கலைக்குமாறு மத்திய அமைச்சரவை பரிந்துரைத்தபோது, அவர் அதனை ஆராய்ந்து மறு ஆய்வுக்குத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அதனைக் கைவிட்டது. 1998இல் பீகார் குறித்த பரிந்துரையையும் திருப்பினார். மறு ஆண்டு அது மீண்டும் வந்தபோது ஒப்பமிட்டார். மறு ஆய்வுக்குப் பின் வரும் அறிவுரைப்படி நடத்தல் வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. தம் அதிகாரத்தையும் அதன் எல்லையையும் ஒருங்கே அறிந்தவர் அவர். இதுவே அவர் விட்டுச் சென்ற செல்வம்.

பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் நம் முன்னோர் பலர் கைநாட்டு வைத்தே வாழ்ந்து மறைந்தனர். கடன் பத்திரத்தில் உள்ளது எழுதியவனுக்குத் தெரியும். நாட்டு வைத்தவனுக்குத் தெரியாது. இன்று நாம் கையெழுத்திடக் கற்றுவிட்டோம். எனினும், பத்தாம் வகுப்போடு நின்று தொழிற்சாலை வாயிலில் ஒப்பந்தத் தாளைப் படியாமலே ஒப்பமிடும் இளைஞனின் கையெழுத்துக்கும் பாட்டனின் கைநாட்டுக்கும் என்ன வேறுபாடு? இடஒதுக்கீட்டால் அலுவலகம் புகுந்தோரும், மேலிருந்து வரும் கோப்பினைப் படியாது ஒப்பமிட்டால் நிலை அதுவேயன்றோ?

ஆதலின் ஒன்று வேண்டுகிறோம். இவ்வெள்ளி விழாவின் நினைவாக, ஊர்தோறும் நம் இளைஞர் வாரம் ஒரு மாலை கூடி, பெரியோர் கொணரும் பட்டா, வங்கிக் கடன் தாள், வேலை ஒப்பந்தம் முதலியவற்றைப் படித்துப் பொருள் கூறுதல் வேண்டும். புரியாததைக் கேட்டறிந்து சொல்லுதல் வேண்டும். ஒவ்வாததைத் திருப்பித் தருமாறு துணிவூட்டுதல் வேண்டும்.

படித்தபின் இடுவதே கையெழுத்து. அப்பழக்கம் நம் ஊர்களில் வேரூன்றுமாயின், சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டு உழைப்பு பயன் தந்ததாகும்.