போலரைஸ் ஆன ஒளியைத் திரும்பக் கலைக்க முடியுமா?

இன்னிக்குச் சின்ன எபிசோடுதான், ஆனா கேமரா வெச்சிருக்கிறவங்க கடைசி வரைக்கும் கேளுங்க.

சீசன்ல வேடந்தாங்கல் போனா, ஏரிக்கரையில பெரிய லென்ஸோட நிறைய பேர் நிப்பாங்க. சிலர் லென்ஸ் முன்னாடி ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டித் திருகிட்டு இருப்பாங்க. அதுதான் போலரைசர். சூரிய ஒளி எல்லாத் திசையிலும் அதிருது. தண்ணீர்ல பட்டுத் திரும்பும்போது படுக்கைவாட்டு அதிர்வு தூக்கலா இருக்கும். போலரைசர் அதை வெட்டினதும் கூச்சம் போயிடும், நாரையோட கால் தண்ணிக்குள்ளயும் தெரியும். 1921ல சி.வி. ராமன் நார்குண்டா கப்பல்ல வரும்போது, நிக்கோல் பட்டகம் வெச்சு கடலோட பளபளப்பை இப்படித்தான் நீக்கிட்டு, அடியில இருக்கிற நீலத்தைப் பார்த்தார்.

இப்போ சிக்கல். ஃபில்டரைத் தாண்டி வர்ற ஒளி ஒரே திசையில்தான் அதிரும். டிஎஸ்எல்ஆர் உள்ளே பாதி ஒளியைக் கடத்தி பாதியைத் திருப்புற கண்ணாடி ஒண்ணு இருக்கு. அது இந்த ஒளியைச் சரியாப் பங்கு போடாது. அதனால வெளிச்ச அளவீடும் ஃபோகஸும் குழம்பலாம்.

சரி, இதைக் கலைக்கிறது எப்படி? சிபிஎல்னு கடையில கேட்டு வாங்குறோமே, அதுல போலரைசருக்குப் பின்னாடி கால் அலைத் தகடு ஒண்ணு ஒட்டியிருக்கும். அது அதிர்வைச் சுழல வைக்கும். கேமராவுக்கு அது போதும். ஆனா ஒளி நிஜமாக் கலையலை, ஒழுங்கு மாறுவேஷம் போட்டிருக்கு, அவ்வளவுதான். இன்னொரு கால் அலைத் தகடு வெச்சா பழையபடி நேர்கோட்டுக்கு வந்துடும். சிபிஎல்னா போலரைசேஷனே போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நிஜமாவே கலைக்க பட்டர் பேப்பர் இருக்கு. லேப்டாப்ல வெள்ளை ஸ்கிரீன் வெச்சு, போலரைஸ்டு கூலிங் கிளாஸை அது முன்னாடி பிடிச்சு, இருட்டாகுற வரைக்கும் திருப்புங்க. இப்போ நடுவுல பட்டர் பேப்பரை நுழைங்க. வெளிச்சம் திரும்ப வந்துடும், கிளாஸை எப்படித் திருப்பினாலும் பெருசா மாறாது. பேப்பருக்குள்ள ஒளி பல தடவை சிதறி எல்லாத் திசையும் கலந்துடுது. ஆனா படமும் சேர்ந்து கலங்கிடும், கூழைக்கடா வெறும் வெள்ளைப் புகையாத்தான் தெரியும்.

படம் கெடாம கலைக்க பெர்னார் லியோங்கிற பிரெஞ்சு வானியலாளர் ஒரு வழி கண்டுபிடிச்சார். ஒண்ணு இன்னொண்ணைவிட இரண்டு மடங்கு தடிமனா ரெண்டு படிகத் தகடு, அச்சுகளுக்கு நடுவே 45 டிகிரி. ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு விதமாத் திரிஞ்சு வெளியே வரும், மொத்தமாப் பார்த்தா திசையே இருக்காது. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐடியா இது. ஆனா லேசர் மாதிரி ஒரே நிற ஒளிகிட்ட இந்த வித்தை பலிக்காது, சராசரி எடுக்க அங்க வேற நிறமே இல்லையே.