நம் விபரம் யார் கையில்?

விடியுமுன்னே லயத்தை விட்டுப் புறப்பட்டு, இரண்டு பஸ் மாறி இங்கே வந்து சேர்ந்திருக்கும் பெற்றோர்களே, இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே!

கைத்தொலைபேசியிலும் இணையத்திலும் நம்முடைய சொந்த விபரங்களை யாரிடம் கொடுக்கலாம், யாரை நம்பலாம் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். மலையகத்தில் இந்தப் பேச்சு இணையத்தோடு தொடங்கியதல்ல. அதனால் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளிக்கு ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். அதில் தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்திருக்கும். போகும் வழியெல்லாம் அந்த ஆளுக்கு அதுதான் அடையாளம். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும். அவருடைய கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். கணக்கை எழுதியவர் கங்காணி. கடனை அடைக்க வேண்டியவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

1948இல் நம் மக்களின் பிரஜாவுரிமை பறிபோயிற்று. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன்னர் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ச்சியாக இங்கே வசித்ததாக நிரூபிக்கச் சொன்னது. நம் ஆட்கள் அந்த ஆண்டுகளெல்லாம் பிரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்தவர்கள்தான். ஆனால் அந்தப் பேர் இருந்த செக்ரோல் என்ற வரவுப் பதிவேடு தோட்டத்து ஒபீசில் இருந்தது. பிறப்பை யாரும் பதியவில்லை, அல்லது பதிந்த பேர் வேறு மாதிரி இருந்தது. எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. பெரும்பகுதி நிராகரிக்கப்பட்டது. நாடற்றவர் என்ற நிலை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை இழுத்துக்கொண்டு போனது.

நம்மைப் பற்றி எழுதி வைத்தார்கள் என்பது மட்டும் இங்கே குறையல்ல. எழுதியதை நாம் பார்க்க முடியவில்லை. பிழையைத் திருத்த முடியவில்லை. தேவைப்பட்ட நாளில் கேட்டு வாங்கவும் முடியவில்லை. இந்த மூன்றும் கைவிட்டுப் போனதால் ஒரு சமூகமே அரை நூற்றாண்டு அலைந்தது. தரவுப் பாதுகாப்பு என்று இன்று உலகம் பேசுவது பெரும்பாலும் இந்த மூன்றைப் பற்றித்தான். இதை எந்த நாட்டு நிபுணரும் உங்களுக்கு வந்து விளக்க வேண்டியதில்லை. உங்கள் அப்பாயியைக் கேட்டாலே போதும்.

இன்றைக்கு வருவோம். தோட்டத்திலிருந்து ஒரு அம்மா டவுனுக்கு இறங்குகிறார். பிள்ளைக்கு கடவுச்சீட்டு விண்ணப்பமோ, ஒரு கொடுப்பனவு விண்ணப்பமோ, ஏதாவது போட வேண்டும். கொமியுனிகேஷன் கடையில் கூட்டம். கடைத் தம்பி அடையாள அட்டையை வாங்கி ஸ்கேன் செய்கிறார். அந்த அம்மாவிடம் மின்னஞ்சல் இல்லை, அதனால் கடையின் மின்னஞ்சலையே போடுகிறார். கடவுச்சொல்லையும் அவரே வைக்கிறார். ஓடிபி வந்ததும் அம்மா அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார், வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும்படி. வேலை முடிகிறது, காசு கொடுக்கிறார், போகிறார். ஸ்கேன் செய்த படம் அந்தக் கணினியிலேயே கிடக்கிறது, அதற்கு முன் வந்த நூறு பேருடைய அட்டைகளோடு. கடைத் தம்பி கெட்டவர் அல்ல, பெரும்பாலும் நம் ஊர்ப் பிள்ளைதான். ஆனால் அந்தக் கணினியை நாளைக்கு யார் வாங்குவார், யார் பழுது பார்ப்பார் என்பது அவருக்கே தெரியாது.

அடையாள அட்டை இலக்கம்தானே, அதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள். புதிய பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2002 பெப்ரவரி 10ஆம் திகதி பிறந்த பெண்ணின் எண் 2002541 என்று தொடங்கும். இலக்கத்தைச் சொன்னாலே பிறந்த நாளையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துச் சொல்லியாயிற்று. எத்தனை பேர் பிறந்த திகதியையே கடவுச்சொல்லாக வைத்திருக்கிறீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

அதைவிடக் கொடியது கடன் செயலிகளின் கதை. அவசரத்துக்குச் சில ஆயிரம் ரூபாய், பிணையாளி வேண்டாம், ஐந்து நிமிடத்தில் பணம். நுண்கடன் வசூலிப்பவர் வாசலில் வந்து நிற்பது நம் பெண்களுக்குப் பழகிய துன்பம். செயலி வாசலுக்கு வராது. நிறுவும்போதே உங்கள் தொடர்பு இலக்கங்கள் எல்லாவற்றையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். தவணை ஒரு நாள் பிந்தினால் மாமாவுக்கும் பள்ளி அதிபருக்கும் வேலைத்தலத்துக்கும் அழைப்புப் போகும். முகத்தை வேறொரு படத்தில் ஒட்டிப் பரப்புவதாக மிரட்டுவார்கள். இந்தியாவில் இந்த அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகுதான் இந்திய ரிசர்வ் வங்கி 2022 செப்டெம்பரில் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விபரங்களையும் கோப்புகளையும் தொடக்கூடாது என்று விதித்தது. கூகுளும் தன் பிளே ஸ்டோரில் 2023 மே 31 முதல் இதே தடையைப் போட்டது. ஆனால் வட்ஸ்அப்பில் வரும் லிங்க்கை அழுத்தி நேரடியாக நிறுவும் செயலிக்கு அந்தக் கதவெல்லாம் கிடையாது.

கடன் கொடுப்பவருக்கு என் சம்பளம் தெரிய வேண்டும், சரி. என் தங்கையின் படம் எதற்கு? எந்தச் சேவையாக இருந்தாலும், செய்யும் வேலைக்கு மேல் கேட்கிறதா என்று பாருங்கள். கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்ற அம்மாக்களின் பிள்ளைகள் நீங்கள். எத்தனை கிலோ கழித்தார்கள் என்று கேட்கத் தெரிந்த வீட்டிலிருந்து வந்தவர்கள். ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்துமுன் அந்தக் கண் வேண்டும்.

வாக்குறுதியைப் பார்த்து ஒரு சேவையை எடை போடாதீர்கள். ‘உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு முக்கியம்’ என்று எழுதாத நிறுவனம் எதுவுமில்லை. அதனிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2016இல் அமெரிக்காவின் வேர்ஜினியாவில் ஒரு நீதிமன்ற விசாரணைக்காக சிக்னல் என்ற செய்திச் செயலியிடம் பாவனையாளர் விபரங்களைக் கேட்டார்கள். அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே இரண்டு: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். வேறு எதையும் அவர்கள் சேர்த்து வைக்கவில்லை. வைத்திராததைத் திருடவும் முடியாது, விற்கவும் முடியாது. நாம் எல்லோரும் பாவிக்கும் வட்ஸ்அப்பிலும் செய்தியின் உள்ளடக்கம் பூட்டித்தான் போகிறது. ஆனால் யார் யாரோடு எப்போது பேசினார் என்பது வேறு விஷயம். அது நிறுவனத்துக்குத் தெரியக்கூடியது. பாவிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, தெரிந்து பாவியுங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். நிறுவனம் மூடினால் என் விபரம் எங்கே போகும்? எச்சிலை அனுப்பினால் பரம்பரையைச் சொல்லும் ‘23அண்ட்மீ’ என்ற அமெரிக்க நிறுவனத்தில் 2023இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விபரம் கசிந்தது. 2025 மார்ச்சில் அது வங்குரோத்தானது. கடவுச்சொல்லை மாற்றலாம், மரபணுவை மாற்ற முடியாது.

அரசாங்கத்திடமும் இதே கேள்விகளைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. 2022 ஜூலையில் எரிபொருளுக்கு கியூஆர் குறியீடு வந்தபோது, அடையாள அட்டை இலக்கத்தையும் வாகனத்தின் செசி இலக்கத்தையும் மறுபேச்சின்றிக் கொடுத்தோம். வேறு வழியும் இருக்கவில்லை. அது எத்தனை காலம் வைத்திருக்கப்படும் என்று கேட்டவர்கள் சிலர்தான். 2023இல் அரசாங்கத்தின் முகிற்கணினிச் சேவையை ரான்சம்வெயர் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போனது போனதுதான். அந்தக் காலத்துக்கான காப்புப் பிரதி எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. அதில் சிக்கிய அமைச்சரவை அலுவலகத்துக்கே அந்த நிலை என்றால், நம் ஆவணங்களின் ஒரு பிரதியை நாமே பத்திரமாக வைத்திருப்பதில் தவறே இல்லை.

சட்டம் நம்மிடம் இருக்கிறது. இலங்கையின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம், இந்தியா இதற்கென்று சட்டம் இயற்றுவதற்கு ஓராண்டுக்கு மேல் முந்தியது. நம்மைப் பற்றி வைத்திருப்பதைக் கேட்டுப் பார்க்கவும், பிழையைத் திருத்தச் சொல்லவும், அழிக்கக் கோரவும், கொடுத்த சம்மதத்தை மீளப் பெறவும் அது இடம் தருகிறது. முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். தள்ளிப் போட்டார்கள். இந்தத் தாமதத்தை நான் சும்மா கடந்து போக மாட்டேன். சட்டம் படித்தவர்கள், அரச சேவைக்குப் போகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள், இதை விடாமல் கேளுங்கள். திருத்தும் உரிமை நமக்கு எவ்வளவு அவசரம் என்று கொழும்புக்குத் தெரியாமல் இருக்கலாம். செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு பேர், பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது பேர் என்று இருப்பதால் சேமலாப நிதிக்காக ஓய்வுபெற்ற பிறகும் அலைகிற தாய்மார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள்.

வெளிநாட்டு வேலை தேடுகிறவர்களுக்கு ஒரு சொல். கடவுச்சீட்டுப் படத்தை முகம் தெரியாத முகவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புமுன், வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து அந்த முகவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கணினி வேலை என்று நம்பிப் போய் மியன்மாரின் மோசடி முகாம்களில் அடைபட்ட இலங்கைப் பிள்ளைகள் உங்கள் வயதுதான், உங்களைப் போலப் படித்தவர்கள்தான்.

கடைசியாக, ஆசிரியர்களாகப் போகிறவர்களுக்கு. நம் தோட்டப் பாடசாலையில் ஒரு பிள்ளை ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தால் ஊரே கொண்டாடும், கொண்டாட வேண்டும். ஆனால் படத்தோடு முழுப் பெயரையும் புள்ளியையும் சுட்டிலக்கத்தையும் தோட்டத்தின் பெயரையும் பேஸ்புக்கில் போடுகிறோம். சுட்டிலக்கம் இருந்தால் யாரும் பெறுபேற்றைத் திறந்து பார்க்கலாம். அந்தப் பிள்ளைக்கு வயது பத்து. அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவள் அம்மாவிடமும் கேட்கவில்லை. பாராட்டுங்கள், மாலை போடுங்கள். சுட்டிலக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். படத்தைப் போடுமுன் மலையிலிருந்து அம்மா வரும்வரை பொறுத்திருந்து கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் போடாதீர்கள்.