காஸ் லைட்டும் தோரியமும்
(சீயமங்கலத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



திருவிழாவிலும் இரவுக் கூட்டத்திலும் எரிந்த காஸ் லைட்டை நம்மில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் மேண்டில் நூலில் பின்னிய சிறு பை. முதலில் ஏற்றியதும் நூல் எரிந்துவிடும். கூடு மட்டும் நிற்கும். அந்தக் கூட்டில் 100-க்கு 99 பங்கு தோரியம் ஆக்சைடு. அது உருகச் சுமார் 3,300 டிகிரி சூடு வேண்டும். ஆகவேதான் தீயில் அழியாமல் ஒளி விட்டது.

இந்தத் தோரியம் எங்கே கிடைக்கிறது? மகேந்திரவர்மன் இவ்வூரில் கோயில் குடைந்தானே, அதுபோன்ற கருங்கல்லிலும் அணுவளவு உண்டு. எடுக்கத் தகுந்த அளவில் இருப்பது குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில். மலைப் பாறை மழையில் தேய்ந்து, ஆற்றோடு கடல் சேர்ந்த மணல் அது. நம் பெண்கள் முறத்தில் பதரைப் புடைத்துத் தள்ளுவதுபோல், அலை லேசான மணலைத் தள்ளிக் கனத்த மணலை விட்டுவைக்கிறது. அதிலுள்ள மோனசைட்டில்தான் தோரியம் இருக்கிறது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு இதைக் கண்டறிந்தார். பிறகு நம் மணல் கப்பலேறி அன்னியர் வீதிகளில் விளக்காக எரிந்தது. 1950-ல்தான் இந்தியன் ரேர் எர்த்ஸ் என்ற அரசாங்கக் கம்பெனி ஏற்பட்டது.

தோரியம் தானாகவே கதிர் வீசும் பொருள். 1898-ல் மேரி கியூரி இதைக் கண்டார். அதில் பாதி அழியச் சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்! அணு உலைக்கு அது ஈர விறகு மாதிரி, தானே பற்றாது. எரிகிற உலையில் வைத்தால் நியூட்ரானை ஏற்று, யுரேனியம்-233 என்ற நல்ல எரிபொருளாக மாறும். கல்பாக்கத்தில் 1996-ல் இயங்கத் தொடங்கிய காமினி என்ற சிற்றுலை இந்த எரிபொருளில் எரிவதே.

ஆனால் தோழர்களே, ஒன்றை மறக்கக் கூடாது. தோரியத்தின் ஆல்பா கதிரை ஒரு காகிதம் தடுத்துவிடும். நம் தோலும் தடுக்கும். தூசியாக மூச்சில் போனாலோ நுரையீரலில் தங்கி உள்ளிருந்தே தாக்கும். ஒரு காலத்தில் எக்ஸ்ரே படத்துக்காகத் தோரோட்ராஸ்ட் என்ற தோரிய மருந்தை நோயாளிகளின் உடம்பில் ஏற்றினார்கள். பல ஆண்டுகள் கழித்து அவர்களில் பலருக்கு ஈரல் புற்றுநோய் வந்தது.

பஞ்சுத் தூசி நெஞ்சை அடைப்பதை மில் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தூசியோ கண்ணுக்கும் மூக்கும் தெரியாமலே கெடுக்கும். ஆகவே மணல் பிரிக்கிற தொழிலாளிக்குத் தூசி உறிஞ்சும் கருவி வேண்டும், முகமூடி வேண்டும், கதிரை அளக்கும் வில்லை வேண்டும், அளந்த கணக்கை அவன் கையிலேயே கொடுக்க வேண்டும். பழைய மேண்டிலை உதிர்ப்பவர்களும் சாம்பலை ஊதாமல், நனைத்து எடுத்துக் கை கழுவ வேண்டும்.

மணல் நம்முடையது, உழைப்பும் நம்முடையது. அதன் குணத்தை அறிந்துகொள்வதும் நம் உரிமையே!