துண்டுக் கம்பளியில் ஒரு தொழில்

(கைவினைப் பயிற்சி மாணவர்களும் துறை அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

இமாசலப் பிரதேசத்தின் கத்தி இன ஆட்டிடையர்கள் கோடையில் மந்தைகளை உயர்ந்த மலை மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் சென்று, குளிர்காலத்தில் தாழ்வான பகுதிகளுக்குத் திரும்புவர். அம்மலைப் பகுதிகளின் ஆட்டு உரோமம் கைத்தறியில் 'பட்டி' என்னும் கெட்டியான கம்பளித் துணியாகிறது. மேலங்கியும் குல்லாயும் தைத்தபின் எஞ்சும் சிறு துண்டுகளால் வேறு உடை ஆகாது. விலங்குப் பொம்மை செய்வோருக்கு அத்துண்டுகளே மூலப்பொருள்.

இத்தொழிலுக்குக் கம்பளி ஏற்றதாயிருப்பதற்குக் காரணங்கள் உண்டு. வெந்நீரில் சோப்பிட்டுக் கசக்கினால், உரோம இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று பிணைந்து துணி இறுகும். அவ்வாறு இறுகிய துணியின் வெட்டிய விளிம்பு எளிதில் பிரியாது. ஆதலின் காது, வால் போன்ற சிறு உறுப்புகளை ஓரம் மடிக்காமலே தைக்கலாம். கழுவி உலர்த்திய கழிவு உரோமத்தை உள்ளே அடைக்கலாம். பருத்தியைப் போலக் கம்பளி விரைவில் தீப்பற்றுவதுமில்லை.

பொம்மையின் உடை அதற்கு ஊர்ப்பெயரைத் தருகிறது. ஆட்டுப் பொம்மைக்குக் கத்தி மக்களின் 'சோலா' என்னும் அங்கியை அணிவித்து, இடையில் 'டோரா' என்னும் கம்பளிக் கயிற்றைச் சுற்றினால், அது எவ்விடத்துப் பொம்மை என்பது விளங்கும். ஆனால் அக்கயிற்றை உடையோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டும். தளர்ந்த கயிறு குழந்தையின் கழுத்தில் சிக்கக்கூடும். கண்ணுக்குப் பொத்தான் வைப்பதைவிட நூலால் பின்னுவதே நன்று. முரட்டுக் கம்பளி தோலை உறுத்துமாதலால், முகத்திற்கு மென்மையான துணியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். அந்துப்பூச்சியின் புழுக்கள் கம்பளியை அரிக்கும் என்பதையும் வாங்குவோருக்குக் கூறிட வேண்டும்.

2020ஆம் ஆண்டில் மத்திய அரசு பிறப்பித்த பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தயாரித்து விற்கும் பொம்மைகளுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. பதிவு பெறாத பெண்ணுக்கு அவ்விலக்குக் கிட்டாது; ஆய்வகச் சோதனைக்குரிய செலவையும் அவளால் தாங்க இயலாது. எனவே, பயிற்சி முடிவதற்குள் பதிவையும் முடித்துக் கொடுப்பது அலுவலரின் கடமையாகும். விலக்குப் பெற்ற பொம்மையும் ஒரு குழந்தையின் வாய்க்கே செல்கிறது என்பதை மாணவர் மறத்தலாகாது.

விலை நிர்ணயத்திலும் கவனம் வேண்டும். துணி கழிவாகக் கிடைத்ததென்பதால் உழைப்பும் மலிவாகிவிடாது. வெட்டுதல், தைத்தல், உடை அமைத்தல் ஆகியவற்றிற்குச் செலவாகும் நேரத்தைக் குறித்துவைத்து, அதற்குரிய கூலியை விலையில் சேர்க்கக் கற்பிக்க வேண்டும். அக்கணக்கு விடுபட்டால், எத்துணை அழகிய பொம்மையாயினும் அதைச் செய்தவள் வேறு வேலை தேடிச் சென்றுவிடுவாள்.