ஐஸ் பெட்டியும் வஞ்சிர மீனும்

(வள்ளூரில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: "சொந்தமாகப் பாட்டு வெளியிடும் கலைஞனை உயர்த்துவது குரல் வளமா? ஒலிப்பதிவுத் தரமா?" 'ஒலிப்பதிவுத் தரமே' அணியில் பேசியவரின் உரை.)

அறிவார்ந்த நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, இருந்த கைதட்டலையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர் அவர்களே! வள்ளூர், மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கமிருந்து வந்து அமர்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எதிரணி நண்பர் கேட்டார்: "குயிலுக்கு யாருய்யா ஸ்டுடியோ கட்டிக் குடுத்தாங்க?" நீங்களும் கைதட்டினீங்க. ஆனா நடுவர் அவர்களே, குயில் தோப்புல பாடுது. நம்ம பையன் கண்டெய்னர் லாரி போற ரோட்டோரமா, தகரக் கூரைக்குக் கீழே பாடுறான். அந்தக் குயிலைக் கொண்டாந்து இந்த ரோட்டுல விட்டுப் பாருங்க. அதுவும் "ஸ்டுடியோ எங்கே இருக்கு?"ன்னு கேட்கும்! (சிரிப்பு, கைதட்டல்)

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். குரலே இல்லாதவனுக்கு எந்த இன்ஜினியராலும் குரல் கொடுக்க முடியாது. காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்க. கடலுக்குப் போய் வஞ்சிரத்தைப் பிடிச்சுட்டு வர்றவர் மீனவர். ஐஸ் பெட்டி மீன் பிடிக்காது. கெட்டுப்போன மீனை நல்ல மீனாக்கவும் ஐஸால முடியாது. ஆனா ஐஸ் இல்லேன்னா அந்த வஞ்சிரம் உங்க வீட்டுச் சட்டிக்கு எந்த நிலைமையில வந்து சேரும்? மூக்கைப் பொத்திக்கிட்டுல்ல வாங்கணும்! (சிரிப்பு) பாடகன் பிடிச்ச மீனை, பிடிச்ச பக்குவத்திலேயே கேட்கிறவன் காது வரைக்கும் கொண்டு சேர்க்கிறவர்தான் ஒலிப்பொறியாளர்.

வடசென்னையின் சொத்து எது? கானா! சாவு வீட்டில் விடிய விடியப் பாடுவாங்களே, அந்தக் கானாவுக்கு உயிர் எதுங்க? சொல்! இறந்தவர் எப்படி வாழ்ந்தார், யாரை விட்டுவிட்டுப் போனார் என்று ஒவ்வொரு சொல்லா வந்து நெஞ்சில் விழணும். இப்போ அதே பாட்டை ஒரு பையன் செல்போன்ல பதிவு பண்றான். தகரக் கூரையில் பட்டு எதிரொலி ஒரு பக்கம். சத்தம் அளவுக்கு மீறிப் போய், பதிவு கிழிஞ்சு கரகரன்னு ஆகறது இன்னொரு பக்கம். கிழிஞ்ச சட்டைக்காவது ஒட்டுப் போடலாம், கிழிஞ்ச பதிவை முழுசாத் திருப்பவே முடியாது. கடைசியில என்ன ஆகுது? மேளம் கேட்குது, சொல் கேட்கலை.

இதுக்குக் காரணமும் இருக்கு. நாம ஒரு சொல்லை இன்ன சொல்லுன்னு பிரிச்சறிய உதவுகிற கூர்மையான ஒலிகள் பெரும்பாலும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில இருக்கு. மேளத்தோட 'டப்'புங்கிற அடியும் அங்கேயே வந்து மோதுது. ஒரே பஸ் சீட்டுக்கு ரெண்டு பேர் துண்டு போட்ட கதை! (சிரிப்பு) இன்ஜினியர் என்ன செய்றார்? மேளத்தைக் கொஞ்சம் நகர்த்தி உட்கார வெச்சு, சொல்லுக்கு இடம் வாங்கித் தர்றார். அதுக்குப் பேர்தான் மிக்ஸிங். அப்புறம் அந்தப் பாட்டு செல்போன்ல, ஆட்டோவுல, டீக்கடை ஸ்பீக்கர்ல எங்கே போட்டாலும் சரியாக் கேட்குதான்னு பார்த்து முடிக்கிறது மாஸ்டரிங். "சத்தமா வெச்சாப் போதாதா?"ன்னு கேட்பாங்க. யூடியூப், ஸ்பாட்டிஃபை மாதிரித் தளங்கள் ரொம்பச் சத்தமான பாட்டைத் தானாவே குறைச்சு வெச்சிடும். சத்தத்துக்காகப் பாட்டைப் போட்டு நசுக்கினவனுக்கு நசுங்கல்தான் மிச்சம்!

"ஏ.ஆர். ரஹ்மான் வீட்டிலேயே ஸ்டுடியோ வெச்சு ஜெயிக்கலையா?"ன்னு எதிரணி நண்பர் கேட்டார். உண்மை. 1989-ல் வீட்டிலேயே ஸ்டுடியோ கட்டினார். 1992-ல் 'ரோஜா' வந்தது. ஆனா அந்த ரஹ்மானோடு பல வருஷம் துணை நின்ற ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதரை மறந்துட்டீங்களே! 'மகாநதி'க்கும் 'கன்னத்தில் முத்தமிட்டா'லுக்கும் சேர்த்து நான்கு முறை தேசிய விருது வாங்கியவர். 2008 டிசம்பரில் மறைந்தார். ரஹ்மானுக்கே ஒரு ஸ்ரீதர் தேவைப்பட்டார் நடுவர் அவர்களே! நம்ம பையனுக்குத் தேவையில்லையா? (பலத்த கைதட்டல்)

இந்த மண்ணுக்கே வருவோம். 2017 ஜனவரியில் 'சென்னை புறம்போக்குப் பாடல்' வந்தது. கபேர் வாசுகி எழுத, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் மெட்டமைக்க, டி.எம். கிருஷ்ணா பாடினார். படம் பிடிச்ச இடம் நம்ம எண்ணூர். கழிமுகம், சாம்பல், புகைபோக்கி எல்லாம் அதுல தெரியும். திட்டுற வார்த்தையாகிப் போன 'புறம்போக்கு' ஊருக்கே பொதுவான நிலம்னு சொல்ற பாட்டு அது. அந்த ஒரு சொல் தெளிவாக் கேட்கலேன்னா பாட்டே இல்லை! காத்தடிக்கிற இடத்துல செல்போனை நீட்டி எடுத்திருந்தா அந்தச் சொல் நம்மகிட்ட வந்திருக்குமா?

அடுத்த ஜனவரி, 2018. கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறினாங்க. கானா, ராப், கிடார், டிரம்ஸ், சட்டி மேளம் எல்லாம் ஒரே மேடையில! ஒலிக்கட்டுப்பாட்டுப் பலகையில் விஷயம் தெரிந்த ஒருத்தர் உட்காரலேன்னா, சட்டி மேளம் ஜெயிக்கும், பாட்டு தோற்கும்.

"காசுக்கு எங்கே போறது?" நியாயமான கேள்வி. துறைமுகத்துல கூலி வேலை பார்த்து வீட்டை நடத்துற அப்பாவோட பிள்ளை அவன். நான் ஒரு வழி சொல்றேன். மெத்தை, போர்வை, துணி நிறைஞ்ச அறையில வீட்டிலேயே பாடு. குரலைத் தனியா, மேளத்தைத் தனியா, கிழியாம பதிவு பண்ணு. அதை இன்ஜினியர்கிட்ட மிக்ஸிங்குக்கு மட்டும் குடு. செலவு கணிசமாக் குறையும். பத்துப் பாட்டை அரைகுறையா விடாம, ரெண்டு பாட்டை உருப்படியா விடு. நம்ம ஆளு என்ன பண்றான்? ட்ரோன் கேமராவுக்குக் காசு இருக்கு, கலர் சட்டைக்குக் காசு இருக்கு. பாட்டுக்குக் காசு இல்லேங்கிறான்! (சிரிப்பு)

நிறைவாக ஒன்று. நம்ம ஊர்ல சாம்பல் விழுது, ஆத்துல மீன்பாடு குறையுதுன்னு எத்தனையோ மனு குடுத்தாச்சு. இன்னைக்கு அதைப் பையன் பாட்டாப் பாடுறான். காது கொடுக்க மனசில்லாதவன் தேடுறது ஒரே ஒரு சாக்கு: "பாட்டு நல்லாத்தான் இருக்கு, என்ன சொல்றேன்னுதான் புரியலை தம்பி." அந்தச் சாக்கை அவன் கையிலிருந்து பிடுங்கிப் போடுறவர்தான் ஒலிப்பொறியாளர்! (கைதட்டல்)

எனவே நடுவர் அவர்களே, குரல் அவனைப் பாடகனாக்கும். ஒலிப்பதிவுத் தரமே அவனை ஊர் கேட்கும் கலைஞனாக உயர்த்தும் என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.