பிடிபட்ட தம்பியை என்ன செய்வோம்?

(ஆதம்பாக்கத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

அண்மையில் இஷா தொழுகை முடிந்ததும் ஒரு தந்தை என்னை ஓரமாக அழைத்தார். மளிகைக் கடைக்காரர். "ஹஜ்ரத், பையன் குடித்துவிட்டு வண்டி ஓட்டி போலீஸில் மாட்டிக் கொண்டான். நம்ம ஆட்களை வைத்துப் பேசி கேஸ் இல்லாமல் செய்துவிடலாமா?" என்றார். கண்கள் கலங்கியிருந்தன.

முடியாது என்றேன். அநீதியை எதிர்க்கத்தான் இயக்கம். குற்றத்தை மறைக்க இயக்கமா? அவன் வண்டியில் நம் பிள்ளை ஒருவன் அடிபட்டிருந்தால் இப்படிக் கேட்போமா?

சட்டம் தெளிவாக இருக்கிறது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 15,000 ரூபாய், இரண்டு ஆண்டு வரை சிறை. லைசென்ஸையும் நிறுத்தி வைப்பார்கள். வண்டி ஓட்டிப் பிழைப்பவனுக்கு அது வயிற்றில் விழும் அடி!

அந்தத் தந்தையிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். லஞ்சம் கொடுத்து ஒரு பாவத்தின் மேல் இன்னொரு பாவத்தை அடுக்காதீர்கள். சம்மன் வந்தால் ஒளியாதீர்கள். வக்கீலோடு நீதிமன்றம் போய் உண்மையைச் சொல்லுங்கள். லைசென்ஸ் திரும்பும்வரை பஸ்ஸில் போகட்டும். யாருக்காவது காயம் பட்டிருந்தால், அபராதம் கட்டியதோடு கணக்குத் தீராது. அது அடியானின் உரிமை. அவர் வீட்டுக்குப் போய் மருத்துவச் செலவை ஏற்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரை தவ்பா முழுமை பெறாது.

விட முடியாத பழக்கமாகிவிட்டதா? வைத்தியம் இருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே அடையாறு இந்திரா நகரில், 1980இல் தொடங்கப்பட்ட டி.டி. ரங்கநாதன் மையம் இதற்கென்றே இயங்குகிறது. காய்ச்சலுக்கு டாக்டரிடம் போக வெட்கப்படாத நாம், இதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?

இனி நமக்கு. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் குடித்ததற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை, கூட்டத்தில் ஒருவர் சபித்தார். நபியவர்கள் அதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் தூதரையும் நேசிப்பவர் என்றார்கள். புகாரியில் வரும் செய்தி இது. கவனியுங்கள், தண்டனையை நபியவர்கள் தள்ளுபடி செய்யவில்லை, மனிதரையும் தள்ளிவிடவில்லை.

நாமோ தலைகீழ்! கேஸை அமுக்க ஆள் தேடுகிறோம். பையனைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறோம். டீக்கடையில் அவன் பேச்சு, கல்யாணப் பேச்சிலும் அவன் பேச்சு. பள்ளிவாசலில் கூனிக் குறுகி நிற்பவனுக்கு டாஸ்மாக் கடையில் மட்டும் வரவேற்பு என்றால் அவன் எங்கே போவான்?

வணிகர்களே, திருந்தி வருபவனைக் கல்லாவில் உட்கார வையுங்கள். இளைஞர்களே, சுபுஹு தொழுகைக்கு அவன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அந்தத் தந்தையோடு நீதிமன்றத்துக்கு நானும் போகிறேன். கேஸை உடைக்க அல்ல. பையன் பக்கத்தில் நிற்க.